வடசென்னையிலிருந்து கைலாசகோனா: குழந்தைகுட்டிகளோடு ஒருநாள் அருவி நடை

அருவி என்றதும் குற்றாலம், ஒகேனக்கல் என்று ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் தேடுகிறவர்கள் அதிகம். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், வியாசர்பாடி, கொடுங்கையூர் வாசிகளுக்கு அந்த அலைச்சல் தேவையில்லை. ஊரின் வடக்கு வாசலிலேயே குடியிருக்கிறீர்கள். செங்குன்றம் தாண்டி ஊத்துக்கோட்டை வழியாக ஆந்திர எல்லைக்குள் போனால் நாகலாபுரம் மலைத்தொடர் வந்துவிடும். அதன் ஓரத்தில், திருப்பதி மாவட்டம் நாராயணவனம் பக்கத்தில் இருக்கிறது கைலாசகோனா அருவி. மாதவரத்திலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். காலையில் கிளம்பி, விளக்கு வைக்கிற நேரத்துக்குள் வீடு திரும்பலாம்.

முதல்முறை குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இந்த இடத்தைச் சொல்லக் காரணம், நடை குறைவு என்பதுதான். வண்டி நிற்கும் இடத்திலிருந்து படிகளும் பாறைப் பாதையுமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் அருவி. இதே மலைத்தொடரில் நாகலாபுரம் பக்கத்துக் காட்டோடைகளும், தடா அருவி என்று நம்மவர்கள் சொல்லும் உப்பலமடுகும் பெயர் பெற்றவை. ஆனால் அவை கல்லுக்குக் கல் தாவ வேண்டிய, ஆழமான மடுக்கள் உள்ள இடங்கள். அங்கிருந்து தொடங்க வேண்டாம்.

யாரைக் கூட்டிப் போகலாம்

கூட்டத்தில் யார் மெதுவாக நடப்பாரோ, அவருடைய வேகம்தான் எல்லோருடைய வேகமும். கிளம்புமுன் அவரை வைத்தே கணக்குப் போடுங்கள். திருத்தணியில் 365 படியையும் ஏறி இறங்கிய பாட்டி இங்கே தாராளமாக வரலாம். முட்டிவலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம். கைக்கு ஒரு தடி கொடுத்து, பக்கத்தில் ஆளை நிறுத்தி, ஒவ்வொரு படியாக இறக்குங்கள்.

ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தாங்களே நடந்துவிடுவார்கள். இரண்டு, மூன்று வயதுக் குழந்தை போகும்போது ஓடும், வரும்போது தூக்கச் சொல்லும். அதை இடுப்பில் வைத்துக்கொண்டு ஈரப்பாறையில் நடந்தால், அம்மாவுக்குத் தன் கால் வைக்கும் இடமே தெரியாது. முதுகில் கட்டிக்கொள்ளும் பை இருந்தால் கொண்டு வாருங்கள், இரண்டு கையும் காலியாக இருக்கும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வருவதே எல்லோருக்கும் நல்லது.

சமாளிக்கக்கூடிய கணக்கு: தண்ணீரில் இறங்கும் ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர். மூன்று குழந்தைகளுக்கு இரண்டு பெரியவர்கள் என்றால், முறைவைத்து இறக்குங்கள்.

எந்த மாதம், எந்தக் கிழமை

இந்த மலைக்கு இரண்டு பருவத்திலும் மழை உண்டு. ஜூலை முதல் செப்டம்பர் வரை சாயங்கால இடிமழை, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. குடும்பத்தோடு போகத் தோதானது டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை. தண்ணீர் தெளிந்து, வேகம் அடங்கி, வெயிலும் சாதுவாக இருக்கும். கைலாசகோனாவில் ஆண்டு முழுவதும் தண்ணீர் விழும் என்பார்கள். விழும்தான். ஆனால் மே மாதத்தில் அது மெல்லிசாகிவிடும், பாறையோ தோசைக்கல்லாகக் கொதிக்கும்.

பருவமழைக் காலத்தில் போகவே கூடாத நாட்களைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. பிச்சாட்டூர் அணையில் தண்ணீர் திறப்பு, ஆரணி ஆற்றங்கரை மக்களுக்கு எச்சரிக்கை என்று செய்தி வந்தால், அந்த வாரம் பேச்சே வேண்டாம். அந்த அணைக்குத் தண்ணீர் வருவது இந்த மலைப்பக்கத்திலிருந்துதான். மேலே கொட்டுகிறது என்பதை அணையே சொல்லிவிடுகிறது. வழியில் ஆரணி ஆற்றின் தரைப்பாலங்களும் மூழ்கக்கூடும். வங்கக்கடலில் புயல் சின்னம் என்றாலும் அதே முடிவுதான். பணம் கட்டி வேன் பிடித்தாயிற்றே என்று கிளம்புகிறவர்கள்தான் பாலத்துக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொள்கிறவர்கள்.

ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை விடுமுறையும் கூட்டம் தாங்காது. சனிக்கிழமை காலை பரவாயில்லை, வாரநாள் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆடி மாத ஞாயிறுகளில் வழியிலுள்ள பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் அந்த ரோடே நகராது. பிரதோஷ நாளில் மதியத்துக்கு மேல், அதே வழியிலுள்ள சுருட்டப்பள்ளி சிவன் கோயில் நெரியும். காலண்டரில் இந்த இரண்டையும் பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள்.

போகும் வழி

சொந்த வண்டியில் போகிறவர்கள் காலை 6 மணிக்குள் மாதவரம் ரவுண்டானாவைத் தாண்டிவிட வேண்டும். ஏழரைக்கு மேல் செங்குன்றத்தில் லாரிகளுக்கு நடுவே ஊர வேண்டியிருக்கும். ஜிஎன்டி சாலையில் செங்குன்றம், நல்லூர் டோல்கேட், காரனோடை தாண்டியதும் ஜனப்பன்சத்திரம் கூட்ரோடு வரும். அங்கே இடதுபக்கம் திரும்பினால் பெரியபாளையம், ஊத்துக்கோட்டை. பெட்ரோலும் ஏடிஎம்மும் ஊத்துக்கோட்டைக்குள் முடித்துவிடுங்கள். சென்னைக்குக் குடிநீராக வரும் கிருஷ்ணா கால்வாய் தமிழ்நாட்டுக்குள் நுழைவதும் இந்தப் பக்கத்தில்தான். ஜீரோ பாயின்ட் என்பார்கள்.

எல்லை தாண்டியதும் சுருட்டப்பள்ளி, பிறகு நாகலாபுரம், பிச்சாட்டூர். அதன்பின் நாராயணவனம், புத்தூர் நோக்கிப் போகும் சாலையிலிருந்து மலைப்பக்கமாகப் பிரியும் கிளைச் சாலைதான் கைலாசகோனாவுக்கு. புத்தூர் ஊருக்குள் போய்விட்டால் தாண்டி வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். மலையடிவாரத்தில் செல்போன் சிக்னல் சில இடங்களில் படுத்துவிடும். வீட்டிலேயே அந்தப் பகுதி மேப்பை டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகை வேன் பிடிப்பவர்கள் பேரம் முடியுமுன் கேட்க வேண்டிய கேள்வி, ஆந்திரா பர்மிட் இருக்கிறதா என்பது. மஞ்சள் போர்டு வண்டிக்கு அது இல்லையென்றால் எல்லையில் நேரமும் போகும், பணமும் போகும், யார் கட்டுவது என்ற தகராறும் வரும். சொந்த வெள்ளை போர்டு காருக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆர்சி, இன்சூரன்ஸ், லைசென்ஸ், புகைச் சான்றிதழ் கையில் இருந்தால் போதும்.

பஸ்ஸில் போவதானால் மாதவரம் பேருந்து நிலையம். திருப்பதி பஸ்கள் எல்லாம் ஒரே வழியில் போவதில்லை, திருத்தணி வழியும் உண்டு. "ஊத்துக்கோட்டை, நாகலாபுரம் வழியா?" என்று கேட்டு ஏறுங்கள். கைலாசகோனா கிளைச் சாலையில் இறங்க வேண்டும் என்று கண்டக்டரிடம் ஏறும்போதே சொல்லிவையுங்கள். அங்கிருந்து உள்ளே போக ஆட்டோ எப்போதும் நிற்கும் என்று நம்பக் கூடாது. சின்னப் பிள்ளைகள் இருந்தால், இன்னொரு குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டு வேனில் போவதுதான் புத்திசாலித்தனம்.

என்ன எடுத்துப் போவது

முக்கியமானது செருப்பு. வழுக்கி விழுகிறவர்களில் பாதிப்பேர் ஹவாய் செருப்பு போட்டவர்கள், மீதிப்பேர் அதைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தவர்கள். குதிகாலைச் சுற்றிப் பட்டை உள்ள ரப்பர் அடி சாண்டல்தான் சரி. பள்ளிக்கூடத்து கேன்வாஸ் ஷூ பரவாயில்லை, ஆனால் நனைந்தால் கனக்கும், மாற்றுச் செருப்பு வேண்டும். அடிப்பக்கம் தேய்ந்து வழவழப்பானது எதுவாக இருந்தாலும் வீட்டிலேயே இருக்கட்டும்.

அடுத்தது உடை. புடவை, நைட்டி, பாவாடை மூன்றும் தண்ணீரில் காலைச் சுற்றிக்கொள்ளும். ஜீன்ஸ் தண்ணீரைக் குடித்துக் கனக்கும், மாலை வரை காயாது. மெல்லிய டிராக் பேண்ட், அடர்நிற சுடிதார் சௌகரியம். பிள்ளைகளுக்குப் பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது மஞ்சள் சட்டை போடுங்கள். கூட்டத்திலும் தண்ணீரிலும் சட்டென்று கண்ணில் படும். நீல நிறச் சட்டை தண்ணீருக்குள் தெரியவே தெரியாது. துணி மாற்றும்போது மறைப்புக்கு ஒரு பழைய பெட்ஷீட், அல்லது நாலுமுழ வேட்டி.

குடிநீர் பெரியவருக்கு ஒன்றரை லிட்டர், குழந்தைக்கு முக்கால் லிட்டர். அருவித் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தாலும் குடிக்க வேண்டாம். மேலே ஆடுமாடும் குரங்கும் இருக்கின்றன, குளிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

சாப்பாட்டுக்குப் புளிசாதத்தை மிஞ்ச ஒன்றுமில்லை. நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கிளறி, நன்றாக ஆறிய பிறகு கட்டினால் சாயங்காலம் வரை கெடாது. சூட்டோடு மூடினால் வியர்த்து நசநசத்துவிடும். இட்லிக்கு மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் இரண்டு பக்கமும் தடவிக் கட்டுங்கள். தேங்காய்ச் சட்னி, தேங்காய் சாதம் பதினோரு மணிக்கே வாசனை காட்டத் தொடங்கும். தயிர்சாதத்துக்குப் பாலை அதிகமாகவும் தயிரைக் கம்மியாகவும் விட்டுப் பிசைந்தால் மதியத்தில் பதமாக இருக்கும். டிபன் கேரியரில் கொண்டு போங்கள், பிளாஸ்டிக் டப்பாவும் பேப்பர் தட்டும் வேண்டாம்.

இவை போக, பையில் இருக்க வேண்டியவை:

- 10 மீட்டர் நைலான் கயிறு, காலியான 5 லிட்டர் எண்ணெய் கேன் (மூடியோடு)
- ஓஆர்எஸ் பாக்கெட் இரண்டு, பேண்ட்-எய்ட், கிருமிநாசினி, சுற்றுக்கட்டுத் துணி
- ஆளுக்கொரு துண்டு, மாற்றுடை, ஈரத்துணிக்குக் கெட்டியான பை
- 10, 20, 50 ரூபாய் நோட்டுகள். நுழைவுச் சீட்டு, பார்க்கிங், கடை எல்லாவற்றுக்கும் ஜிபேயை மட்டும் நம்பிப் போகாதீர்கள்
- ஜிப் வைத்த முதுகுப்பை. கையில் தூக்கும் கேரி பேக் எதுவும் வேண்டாம்

கேரி பேக் வேண்டாம் என்பதற்குக் காரணம் குரங்கு. சரசரக்கும் கவரைக் கண்டால் உள்ளே தின்பண்டம் இருக்கிறது என்று அதற்குத் தெரியும். பிள்ளை கையில் பிஸ்கட் பாக்கெட் இருந்தால் பறிக்கும்போது நகம் படும். வந்துவிட்டால் பொருளை விட்டுவிடுங்கள், இழுபறி கூடாது. பல்லைக் காட்டிச் சிரிக்கவும் கூடாது, குரங்குக்கு அது சண்டைக்கு அழைப்பு. கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரியில் வெறிநாய்க்கடி ஊசி பற்றிக் கேளுங்கள்.

நடக்கும்போது

முன்னால் ஒரு பெரியவர், கடைசியில் ஒரு பெரியவர், நடுவில் பிள்ளைகள். முன்னால் போகிறவரைத் தாண்டி எந்தப் பிள்ளையும் ஓடக் கூடாது, இந்த ஒரு சட்டத்தை வண்டியிலேயே சொல்லிவிடுங்கள்.

ஈரப்பாறையில் கறுப்பாகவோ கரும்பச்சையாகவோ மினுங்கும் இடம் பாசி. சொரசொரப்பாக, வெளிறித் தெரியும் இடத்தில் கால் வையுங்கள். முழுப் பாதமும் படட்டும், எட்டு சின்னதாக இருக்கட்டும். ஓடையைக் கடக்கும்போது உயர்ந்து நிற்கும் கல்லின் தலையில் தாவுவதைவிட, முழங்காலுக்குக் கீழே தண்ணீர் உள்ள இடத்தில் மணலில் இறங்கி நடப்பது பத்திரம். பாறை இடுக்கில் கையை விடாதீர்கள், தேளும் பாம்பும் வெயிலுக்கு ஒதுங்கும் இடம் அது.

செங்குத்துப் பாறையில் மலைத்தேன் அடை தொங்குகிறதா என்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். இருந்தால் அங்கே புகை, கல்லெறி, கூச்சல் கூடாது. தேனீ கலைந்துவிட்டால் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வந்த வழியே ஓடுங்கள். தண்ணீருக்குள் முங்கினால் தலை தூக்கும்போது கொட்டும்.

தண்ணீரில்

குடும்பப் பயணங்களில் ஆபத்து தூரத்திலோ ஏற்றத்திலோ இல்லை, இங்கேதான் இருக்கிறது. போனவுடன் குதிக்காமல் பத்து நிமிடம் உட்காருங்கள். எந்த இடத்தில் மக்கள் இடுப்பளவில் நிற்கிறார்கள், எங்கே யாருமே நிற்கவில்லை என்று பாருங்கள். யாரும் நிற்காத இடத்துக்கு ஒரு காரணம் இருக்கும். கடைக்காரர்களுக்குத் தமிழ் தெரியும், போன வாரம் எப்படி இருந்தது என்று கேளுங்கள். பிறகு நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர், கழியால் தரையைக் குத்திப் பார்த்தபடி முதலில் இறங்கட்டும். அருவித் தண்ணீர் பாறையைக் குடைந்து குழி பண்ணும். ஒரு அடிக்கு முழங்கால், அடுத்த அடிக்குக் கழுத்து என்பது சகஜம்.

காசிமேட்டிலும் எண்ணூரிலும் கடலில் நீந்தி வளர்ந்தவர்களுக்குத் தனியாக ஒன்று. கடலின் உப்புத்தண்ணீர் உடம்பைத் தூக்கிக் கொடுக்கும். நல்லதண்ணீர் அந்த அளவுக்குத் தூக்காது. அருவி விழும் இடத்தில் நுரையும் காற்றும் கலந்திருப்பதால் இன்னும் குறைவாகத் தூக்கும். விழும் வேகத்தில் தண்ணீர் கீழே போய்ச் சுழன்று, மறுபடி அருவிப் பக்கமே இழுக்கும். நல்ல நீச்சல்காரர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான். மேலேயிருந்து டைவ் அடிப்பது எந்த நாளிலும் கிடையாது.

அருவிக்கு நேர் கீழே நிற்காமல் ஓரமாக நில்லுங்கள். மழைக்குப் பிறகு தண்ணீரோடு கல்லும் கட்டையும் வரும். பிள்ளைகளைச் சாரல் தெறிக்கும் இடத்திலேயே நிறுத்துங்கள், அவர்களுக்கு அதுவே போதும். உதடு வெளுத்து, தாடை நடுங்க ஆரம்பித்தால் ஆட்டம் முடிந்தது. துடைத்து, உடை மாற்றி, சூடாக ஏதாவது கொடுங்கள். பக்கத்தில் சிவன் சன்னதி இருக்கிறது, சோப்பு, ஷாம்பு, சீயக்காய் எதையும் தண்ணீரில் கலக்காதீர்கள்.

பெரியவர்களில் ஒருவர் கடைசிவரை நனையவே கூடாது. கயிறும் கேனும் அவர் கையில். கயிற்றின் ஒரு முனையைக் கேனின் பிடியில் இறுக்கிக் கட்டி, மூடியைத் திருகி வையுங்கள். கேனில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டால் வீசும்போது காற்றில் அலையாமல் போகும். யாராவது தத்தளித்தால் ஆளைத் தாண்டி விழும்படி வீசி இழுக்க வேண்டும். பின்னாலேயே இன்னொருவர் குதித்தால் இரண்டு பேரைத் தேட வேண்டிவரும்.

காட்டாற்று வெள்ளம் உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதும் வரும், மழை மலையுச்சியில் பெய்திருக்கும். தெளிந்த தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறமாவது, சருகும் குச்சியும் திடீரென்று மிதந்து வருவது, சத்தம் கனப்பது, அடையாளமாகப் பார்த்து வைத்த கல் மூழ்குவது: இதில் ஒன்று தெரிந்தாலும் செருப்பு, போன் எதையும் தேடாமல் பக்கவாட்டில் மேடேறுங்கள். ஓடை வழியே கீழ்நோக்கி ஓடினால் தண்ணீர் உங்களை முந்திவிடும்.

குடித்தவர் தண்ணீரில் இறங்கக் கூடாது. சொந்த மாமாவாக இருந்தாலும் சரி, வண்டியிலேயே படுக்க வையுங்கள்.

திரும்புவது

மதியம் 2 மணிக்கு ஈரத்துணியை மூட்டை கட்டத் தொடங்கினால்தான் 3 மணிக்கு வண்டி நகரும். மலைமடிப்பில் வெயில் சீக்கிரம் இறங்கிவிடும், டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டு. இடிமழை மாதங்களில் ஒரு மணிக்கே கிளம்புங்கள். வரும் வழியில் நாகலாபுரம் வேதநாராயண சுவாமி கோயிலையோ, சிவன் பள்ளிகொண்ட கோலத்தில் இருக்கும் சுருட்டப்பள்ளியையோ சேர்த்துக்கொள்ளலாம், இரண்டையும் திணித்தால் பிள்ளைகள் படுத்திவிடுவார்கள். கோயில்கள் மதியம் நடை சாத்தியிருக்கும் என்பதால் நாலு மணிக்கு மேல் போவதுபோல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடிபட்டால் 108 ஆந்திராவிலும் வேலை செய்யும். சிக்னல் இல்லையென்றால் மெயின் ரோடு வரை வண்டியில் வந்து அழையுங்கள். கால் பிசகி வீங்கினால் செருப்பைக் கழற்றி, சுற்றுக்கட்டுப் போட்டு, காலை உயர்த்தி வையுங்கள். தேய்க்காதீர்கள், உருவாதீர்கள். பக்கத்திலேயே புத்தூர், எலும்பு முறிவுக்கு என்று வடசென்னையில் தெருவுக்குத் தெரு போர்டு தொங்கும் அந்தப் புத்தூர் கட்டின் ஊர் இதுதான். ஆசை யாருக்கும் வரும். ஆனால் எக்ஸ்ரே எடுக்குமுன் அந்தக் கட்டு வேண்டாம். தலையில் அடி, வாந்தி, மயக்கம், எலும்பு வெளியே தெரியும் காயம் என்றால் நேரே ஆஸ்பத்திரி.

அடுத்த முறைக்கு

பிள்ளைகள் பத்து, பன்னிரண்டு வயதைத் தாண்டி, இங்கே ஓரிரு முறை பழகிவிட்டால் உப்பலமடுகைப் பார்க்கலாம். தடாவிலிருந்து வரதய்யபாளையம் வழியாகப் போக வேண்டும். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் ஸ்டேஷன்களில் ஏறுகிறவர்கள் கவனிக்க: கும்மிடிப்பூண்டியோடு நிற்கும் ரயில் தடாவுக்குப் போகாது, சூலூர்பேட்டை வண்டியாக இருக்க வேண்டும். அவை குறைவு, திரும்பும் வண்டியின் நேரத்தையும் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனிலிருந்து வனத்துறை கேட் வரை ஆட்டோவை இருவழிக்கும் பேசி, டிரைவர் நம்பரை வாங்கிவிடுங்கள். அங்கே நீச்சல் தெரியாத இளைஞர்கள் பலர் மடுவில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். ஓடையோரம் நடந்து முதல் மடு வரை போய், கரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். மேல் அருவி வரை ஏறுவது குடும்ப நடைக்குள் சேராது.